இரண்டரை டிகிரி

இடது முட்டியைப் போட்டவர்
படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.
"பாருங்கம்மா, நூல் பிடிச்ச மாதிரி."
இடுப்புப் பந்திலிருந்து கணுக்கால் நடுவரை
சிவப்பில் ஒரு கோடு.
முட்டியின் மையத்தைத் தொட்டுக்கொண்டு போனது.
குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

இருபத்தாறு வருசம்
மேக்னசைட்டுக்கும் ஓமலூருக்கும் நடுவே
தண்டவாளம் பார்த்தவள் நான்.
குனிந்து, கண்ணை இரும்போடு வைத்தால்
மயிரிழை விலகலும் தெரியும்.
கோடு நேர்தான்.

ஆனால் வீட்டுக்கு வந்த அன்று
பட்டாணி என்னைப் பார்த்துக் குரைத்தது.
என் கைச்சோறு தின்ற நாய்.
முகம் தெரியும், வாடை தெரியும்,
வருகிற சத்தம் மட்டும் அதற்குப் புதுசு.

எங்கள் சனத்துக்கே வளைந்த கால்.
நின்றால் நடுவே கோழி புகுந்து போகும்.
அந்த வளைவிலேயே நடந்து பழகி
அந்த வளைவிலேயே தேய்ந்து போன முட்டி.

வலி இல்லை.
இருக்கிறது என்று சொன்னால் பாவம்.
ஆனால் ஒவ்வொரு அடிக்கும்
எனக்கு முன்னால் வேறு யாரோ
கால் வைத்துவிடுகிற மாதிரி.
படி இறங்கும்போது உள்பக்கம் ஒரு நரம்பு
கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சம்மதிக்கும்.
வலதும் இடதும்
ஒரே வீட்டில் பேச்சில்லாத ஓரகத்திகள்.

நாலு வருசம் கழித்து வலது முட்டி.
ஐந்து ரோட்டில் டாக்டர் ஜெபராணி.
படத்தை அப்புறம் பார்க்கலாம் என்று
வராந்தாவில் வெறுங்காலோடு நடக்கவிட்டார்.
போய் வா, போய் வா. பன்னிரண்டு தடவை.
பிறகு என் செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பினார்.
(டாக்டர் தொடுவார் என்று தெரிந்திருந்தால்
கழுவிப் போட்டுக்கொண்டு வந்திருப்பேன்.)
வெளி ஓரம் மட்டும் காகிதமாய்த் தேய்ந்திருந்தது.

"முழுசா நிமிர்த்தப் போறதில்லைம்மா.
உங்க வளைவுல கொஞ்சம் விட்டுவைக்கிறேன்.
இரண்டரை டிகிரி.
எல்லா டாக்டரும் இதை ஒத்துக்க மாட்டாங்க.
இருபது வருசம் தாங்குமான்னு கேட்டா
எனக்கும் உறுதியாத் தெரியாது."

தெரியாது என்று சொன்ன டாக்டரை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டேன்.
சிரித்தார்.
நானும் சொன்னேன்:
வளைவு வந்தா வெளித்தண்டவாளத்தை
ஒசத்தி வைப்போம் டாக்டர்.
சமமா வெச்சாலும் வண்டி ஓடும்,
உள்ளே டீ கிளாஸ் காட்டிக்கொடுத்துடும்.
மட்டப்பலகையில் குமிழி
நடுவில் நிற்கக் கூடாத இடமும் உண்டு.

முதுகில் ஊசி.
இடுப்புக்குக் கீழே நான் இல்லை.
பச்சைத் துணிக்கு அப்பால் ரம்பம்,
அப்புறம் சுத்தியல்.
சாவி இறுக்குகிற அதே சத்தம்.
இரண்டு அடி. நிறுத்தம்.
இன்னும் ஒரு பாதி அடி.
அந்தப் பாதி அடியில்
கை பழகிய கைதான் என்று கண்ணை மூடினேன்.

மூன்றாம் மாடி ஜன்னலில் சேர்வராயன்.
ராத்திரி மலைப்பாதையில் ஒரு பஸ் விளக்கு
தெரியும், மறையும்,
எதிர்ப்பக்கம் போய்த் தெரியும்.
தூக்கம் வராத நாலு ராத்திரி
அதைத்தான் எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

ஆறாவது வாரம்
பிசியோ முபாரக் என் பாதத்தில் பவுடர் பூசி
கறுப்புத் தாளில் நடக்கவிட்டான்.
ஸ்கேலை வைத்து அளந்தான், உதடு பிதுக்கினான்.
"ரெண்டும் ஒண்ணா இல்லையேம்மா."
ஒண்ணு மெயின் லைன், ஒண்ணு லூப் லைன் தம்பி,
ரெண்டும் ஸ்டேஷனுக்குத்தான் வருது என்றேன்.
அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுதிக்கொண்டான்.

வலது காலை நான் மறந்துபோகிறேன் இப்போதெல்லாம்.
பால் வாங்கிவிட்டு, கேட் மூடியிருந்தால்
கூட்ஸ் போகும்வரை நின்று, பெட்டி எண்ணி,
நடந்தே வந்துவிடுகிறேன்.
இடதை மறக்க முடியவில்லை.
அதன்மேல் கோபமும் இல்லை.
எனக்கு வலி போக்கிய கால்.

நேற்று இருட்டியபின் சந்தில் திரும்பினேன்.
பட்டாணிக்குக் கண் மங்கிவிட்டது,
காதை வைத்துத்தான் பிழைப்பு.
இடது அடிக்கு உறுமியது.
வலது அடிக்கு வாலை ஆட்டியது.
இடதுக்கு மறுபடியும் உறுமல்.

கொக்கியை எடுத்து உள்ளே போகும்வரை
அது ஒரு முடிவுக்கு வரவில்லை.