ஓடாததையும் கொண்டு வாருங்கள்

சென்ற ஜூனில் வந்தது பதினொரு பேர்.
வருகைப் புத்தகத்தில் பன்னிரண்டு என்றிருக்கும்.
பன்னிரண்டாவது, ஆர்விட் டோலஃப்சனின் நாய்.
என் கையெழுத்துதான், மறுக்கவில்லை.

விஸ்கான்சினின் வட மூலை, கெட்டில்ஹார்ன் ஏரி,
படகு இறக்கும் சரிவில் மூன்று மடக்கு மேசை,
நாற்பது பேருக்குச் சுட்ட பான்கேக்.
மிச்சத்தை வாத்துகளுக்குப் போட்டோம்.
அவையும் மிச்சம் வைத்தன.

குளிர்காலம் முழுக்கக் கமிட்டி கூடியது,
பௌலிங் கூடத்தின் பின்னறையில்.
டி-ஷர்ட் அடிக்கலாம் என்றான் எல்டன்.
குலுக்கலில் ஒரு முழு ஹாம் வைக்கலாம் என்றாள் மார்டெல்.
தேதியை மாற்றிப் பார்க்கலாம் என்றேன் நான்.
மீன்பிடி தொடங்கும் வாரம் வேண்டாம்,
லூத்தரன் சர்ச் மீன் வறுக்கும் வெள்ளி வேண்டாம்,
பட்டமளிப்பு, கல்யாணம், முதல் வைக்கோல் அறுப்பு,
கொசு, மான் வேட்டை, கால்பந்து...
கழித்துக்கொண்டே போனதில் கடைசியாக மிஞ்சியது
பிப்ரவரி.
ஏரிமேல் இரண்டடிப் பனிக்கட்டி.

ஏப்ரலில் பழைய தேதிக்கே நோட்டீஸ் அடித்து
தூண்டில் கடைக் கண்ணாடியில் ஒட்டப் போனேன்.
புழு டப்பாக்களை எண்ணிக்கொண்டிருந்த டெனீஸ் வாவ்ரா
நிமிர்ந்து, கடைசி வரி வரை படித்தாள்.
பொடி எழுத்தில் இருந்தது அது:
'ஓடும் நிலையில் உள்ள மோட்டார்கள் மட்டும்.'

என்கிட்டயும் ஒண்ணு இருக்கு, என்றாள்,
ஜெயிலில் இருக்கும் தம்பியைப் பற்றிச் சொல்வதுபோல்
குரலைத் தாழ்த்தி.
ஓடாது.

சரிவிலிருந்து இரண்டே தெரு தள்ளி அவள் வீடு.
ஒன்பது ஜூன்களாக ஜன்னலைத் திறந்துவைத்து
எங்கள் மோட்டார் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள்.

அவளிடமே பேனா வாங்கி அந்த வரியை அடித்தேன்.
மேலே எழுதினேன், கோணலாக:
ஓடாததையும் கொண்டு வாருங்கள்.

இந்த ஜூனில்
காலை ஏழு மணிக்கே பிக்கப் வரிசை நெடுஞ்சாலை வரை.
தள்ளுவண்டியில் ஒன்று, குழந்தை வண்டியில் ஒன்று.
எட்டு டாலருக்கு வாங்கியதை சூ ஷியோங் திறந்தார்,
சிலிண்டருக்குப் பக்கத்தில் காலிக் குளவிக்கூடு.
ஒருவர் வெறும் கயிற்றுப் பிடியோடு வந்தார்.
மீதி?
ஏரிக்கு அடியில் என்று கைநீட்டி இடத்தையும் காட்டினார்.
பதிந்துகொண்டேன்.

பிறகு ரோகென்பாக் சகோதரிகள்.
அப்பாவின் சொத்தைப் பாகம் பிரித்தபோது
மோட்டாரையும் நிஜமாகவே பாகம் பிரித்திருக்கிறார்கள்:
தலைப்பகுதி வெர்லாவுக்கு,
தண்டும் விசிறியும் ஜோனெலுக்கு.
ஆறு வருஷமாகப் பேச்சில்லை.
ஒருத்தி வருவது மற்றவளுக்குத் தெரியாது.
எதிரெதிர் மேசைகளில் அரை அரை மோட்டார்.
ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க
வெர்லா எழுந்து போய்ச் சொன்ன முதல் வார்த்தை:
'அந்த நாலு போல்ட்டும் என்னுடையது.'
மதியம் வரை அதற்குச் சண்டை.
ஒரே மேசையில்தான்.

சோதனைப் பீப்பாய்க்கு முன் சட்டை கழற்றியவர்கள் கூட்டம்.
இழுத்த இழுப்புக்கு வருகிற மோட்டார் ஒன்றும் இல்லை.
இருமல், நீலப் புகை, மறுபடி இருமல்.
டெனீஸுடையது நாற்பதாவது இழுப்பில்
ஏழு விநாடி ஓடியது.
யாரோ கத்தினார்கள், யாரோ தண்ணீரை வாரி இறைத்தார்கள்,
அவள் என்னவோ சொன்னாள்,
சத்தத்தில் கேட்கவில்லை.

அறுபத்து நான்கு பேர், நாய் நீங்கலாக.
பதினோரு மணிக்கே மாவு தீர்ந்தது.

எல்டனின் மேசையில்தான் ஆளில்லை.
ஐம்பத்து நாலாம் வருஷத்து மோட்டார்,
முகம் பார்க்கலாம், அப்படித் தேய்த்திருந்தான்,
ஒரே இழுப்பில் பூனைபோல் உறுமும்.
வந்தவர்கள் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள்.
ஓடுகிறதில் பேச என்ன இருக்கிறது?

மூன்று மணி சுமாருக்கு நான் பார்க்க,
இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு
பிளக் வயரை மெல்லக் கழற்றினான்.
நாலு தடவை வீணாக இழுத்தான்.
'என்னவோ தெரியல, இன்னிக்கு மக்கர் பண்ணுது'
என்று காற்றிடம் சொன்னான்.

ஸ்பானரோடு ஆறு பேர் எழுந்தார்கள்.