ஈரத்துக்கு மட்டும் சாட்சி

கிட்டூயியில் அந்த ஆண்டு
மார்ச் மழை இரண்டு வாரம் முந்திக்கொண்டது,
கதிர் இன்னும் களத்தில் காயும்போதே.

கூட்டுறவுக் கிடங்கின் சாவி என் இடுப்பில்.
ஈரமானி பழுதுபார்க்க நைரோபிக்குப் போய் எட்டு மாதம்.
மிச்சம் ஒரு ஜாம் பாட்டில்,
வாணலியில் வறுத்து ஆறவைத்த உப்பு.

மக்காச்சோளத்தைப் பாட்டிலில் கால்பங்கு போடு.
மேலே மூன்று கரண்டி உப்பு.
மூடிக் குலுக்கு. பிறகு கால்மணி நேரம்
யாரோடும் பேசாதே. இது விதியில்லை,
என் பழக்கம்.
உப்பு உதிர்ந்து அடியில் கிடந்தால் அடுக்கலாம்.
கண்ணாடியில் படர்ந்து ஒட்டினால்
மூட்டைக்குள் இன்னும் மழை பெய்கிறது.

முஸெம்பி கொண்டுவந்தது பதினோரு மூட்டை.
வாய் தைத்தது பச்சை நைலான் நூலால்,
கிழிந்த கொசுவலையில் உருவியது.
ஒட்டியது.
இரண்டாவதும் ஒட்டியது.
ஏழாவதில் அவனே பாட்டிலை வாங்கிக் குலுக்கினான்,
என் கையில் பலம் போதாததுபோல.

பார்க்க நல்லாத்தானே இருக்கு, என்றான்.
இருந்தது. பால்பல் வெள்ளை.
முளைமூக்கின் ஓரத்தில் மட்டும்
மஞ்சளோடிய ஒரு பச்சை,
அழிக்க மறந்த மருதாணிக் கறைபோல் சின்னதாக.
வேகவச்சா?
வெந்தாலும் போகாது.
மாட்டுக்கு?
பாலில் வரும்.
சாராயம் காய்ச்சுறவங்களுக்கு?
நான் வாய் திறக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வந்தது,
பிறகு நின்றது.
திங்கட்கிழமை தவணை, என்றான்,
என்னிடம் அல்ல, பாட்டிலிடம்.

எரித்துவிடு என்று சொல்லி அனுப்பினேன்.
சொல்வதற்கு என்ன,
நாக்குக்கு வங்கிக் கடன் கிடையாது.

அன்று மாலையே அவன் மனைவி கலெக்யே
பாசிப்பயறு கொண்டுவந்தாள், ஐம்பது கிலோ.
உப்பு மணலாக உருண்டது.
ஆனால் மூட்டையில் காது வைத்தால்
நறநற. பேசாமல் சாப்பிடும் பந்தி.
மூன்றடுக்குப் பையில் கொட்டி,
காற்றைப் பிதுக்கி, கழுத்தை முறுக்கி,
அடுக்குக்கு ஒரு கட்டாகக் கட்டினோம்.
மறுநாளும் சத்தம்.
நான்காம் நாள் யாரோ ஒருவர் மட்டும்.
ஒன்பதாம் நாள் காது வைத்தபோது
என் நாடிதான் கேட்டது.
வண்டுக்கு மூச்சு முட்டும்.
ஊறிவிட்ட நஞ்சுக்கு மூச்சே கிடையாது,
எந்தப் பையில் கட்டினாலும்.

இரவில் ஒரு லாரி நின்றதாகப் பிறகு சொன்னார்கள்.

மே மாதம் பள்ளிச் சமையல்காரி ஆள் அனுப்பினாள்.
மதிய இஸ்யோவுக்கு வந்த மூட்டைகள்,
தூரத்து வியாபாரியின் முத்திரை,
நான் போயிராத ஊரின் பெயர்.
வாயில் பச்சை நூல்.

பாட்டிலைக் குலுக்கினேன். கால்மணி நேரம்.
உப்பு உதிர்ந்தது.
ஒரு பொடி ஒட்டவில்லை.

எங்கோ ஒரு தகரக் கூரையில் காயவைத்திருக்கிறார்கள்.
ஈரம் போய்விட்டது, நஞ்சு இருக்கிறது.
உப்புக்குப் பொய் தெரியாது என்று
சந்தையெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்.
உண்மைதான். அது ஈரத்துக்கு மட்டும் சாட்சி.
மீதிக்கு ஒரு முழம் நூல்.

சமையல்காரி பாட்டிலைப் பார்த்துவிட்டு
அடுப்பு பற்றவைக்கவா, என்றாள்.
வெளியே தட்டுகளோடு இருநூறு பேர்,
மூன்றாம் வகுப்பு வரிசையில் முஸெம்பியின் மகள்,
தட்டைத் தலையில் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு.

அவனைக் கூப்பிட்டோம். வந்தான்.
நூலை விரலில் சுற்றிப் பார்த்தான்,
அவிழ்த்தான், மறுபடி சுற்றினான்.
வரிசையின் பக்கம் அவன் திரும்பவே இல்லை.
என்னோடதுதான், என்றான்.

பயறுப் பையைக் கலெக்யேதான் பிரித்தாள்.
மூன்று கட்டுகளையும் பல்லால்.
விலை அப்புறம் பேசிக்கலாம், என்றாள்.

இன்னும் பேசவில்லை.
மக்காச்சோளம் எரிய இரண்டு நாள் ஆனது.
வாசனை என்னவோ
நல்ல சாப்பாட்டு வாசனைதான்.