திருத்த வேண்டாம்

கச்சேரியின் வீடியோப் பெட்டிக்கு இருபத்திரண்டு வயது.
அதற்குப் பொருந்தும் கேபிள்
திருகோணமலைக் கடை எதிலும் இல்லை.
ஒரு முனையில் பதினைந்து ஊசி, மறுமுனையில் எட்டு,
நடுவில் என் மடி.

மூன்றும் ஆறும் பேசும்,
நாலும் ஐந்தும் கேட்கும்.
உப்புக்காற்றில் பச்சை பூத்த செம்பைப்
பிளேடால் சுரண்டிக்கொண்டே பார்க்கிறேன்:
எனக்கு முன்னிருந்த லத்தீப்
பச்சையையும் நீலத்தையும் மாற்றிக் கட்டியிருக்கிறார்.

'கண் தெரியாதோ மனுசனுக்கு' என்று
வெட்டித் திருத்தினேன்.
கொழும்பு வரவில்லை.
பத்து மணிக் கூட்டத்துக்குப்
பதினேழு நிமிடம்.

சுவர்ப்பெட்டியைத் திறந்தேன்.
பல்லி முட்டை இரண்டு,
அதற்குப் பின்னால்
அதே பச்சை, அதே நீலம்,
அங்கும் இடம் மாறி.
யாரோ சுவருக்குள் பிழைவிட்டுப் போக,
சுவரை உடைக்காமல்
அந்தப் பிழைக்கு எதிர்ப்பிழை கட்டியிருக்கிறார் மனுசன்.

அவர் கட்டியபடியே கட்டினேன்.

திரையில் முதலில் வந்தது
கொழும்பில் ஒருவர் பனிஸ் கடிக்கும் வாய்.
சத்தம் அரை நொடி பிந்தி வந்தது:
"ட்ரிங்கோ, கேக்குதா?
உங்க பின்னால அது என்ன, மாடா?"

திரும்பிப் பார்த்தேன்.
யன்னலோரம் ஒரு புள்ளிமான்
நான் வெட்டிப் போட்ட கம்பித் தோலை
முகர்ந்துகொண்டிருந்தது.

"கேக்குது" என்றேன்.
கேபிளில் ஒரு துண்டு டேப் சுற்றி
எழுதினேன்:
பிழைதான். திருத்த வேண்டாம்.