எழுபது பவுண்டு

விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி:
எழுபது பவுண்டு எடையைத்
துணையில்லாமல் தூக்க முடியுமா?
ஆம். இல்லை.
இரண்டே கட்டங்கள்.
யோசிக்கிறேன் என்பதற்குக் கட்டம் வைக்கவில்லை.

என் விரல்கள் அவுன்ஸ் கணக்கில் பழகியவை.
பிறர் மூக்கில் கண்ணாடி பொருத்தி
காதோரம் கம்பியை வளைத்துவிட்டு
வலிக்கிறதா என்று கேட்பவை.
வீட்டில் எழுபதுக்குக் கிட்ட இருப்பது
ஹாங்க் மட்டும்தான்.
ராத்திரி பதினொன்றரைக்கு
குளியலறைத் தராசில் அவனோடு ஏறினேன்.
இறக்கிவிட்டுத் தனியாக ஏறினேன்.
கழித்துப் பார்த்தால் அறுபத்தெட்டு.
தூக்கியிருந்த நேரமெல்லாம்
என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு
தான் செய்த குற்றம் எதுவென்று யோசித்தான், பாவம்.

"பெட்டி அப்படிக் கட்டிப்பிடிக்காது"
என்றார் எதிர்வீட்டு ஓடெல்.
ஏழு வருடமாக அங்கே
டிரக்குக்குள் பெட்டி அடுக்குகிறவர்.
வாசல் பனியை மண்வெட்டியால் வழித்துக்கொண்டே சொன்னார்:
"முதல் ரெண்டு வாரம் உடம்பு உன்னை வெறுக்கும்.
மூணாவது வாரம் நீ உடம்பை வெறுப்பே.
அப்புறம் ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இருக்காது.
நிம்மதி."

கரண்ட் பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
மூன்றரையிலிருந்து எட்டு.
மணிக்கு இருபத்தொரு டாலர்.
வாரத்துக்கு நானூற்று எழுபத்திரண்டரை,
வரி வந்து கடித்துப் போனது போக மிச்சம்.
பதினோரு மணிக்கு வழக்கம்போல் கண்ணாடிக் கடை.
நடுவில் கிடக்கும் மூன்று மணி நேரத்தில்
தூங்கலாம்
அல்லது துணி துவைக்கலாம்
அல்லது கடை வாசலில் காருக்குள்ளேயே
வாயைத் திறந்தபடி கிடக்கலாம்.

ஒன்பது மாதம் தாக்குப்பிடித்தால் காப்பீடு.
எம்மெட்டின் இன்ஹேலருக்கு, பல் கம்பிக்கு.
ஒன்பது மாதம்
அவனையும்தான் சுமந்தேன்.
அப்போது யாரும் என்னிடம்
ஏழாவது கேள்வி கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை பார்க்கப் போனேன்.
பனி இறுகிய டொலீடோவில் மூன்று மணிக்கு
சிக்னல்கள் யாருமில்லாமலே
சிவந்து பச்சையாகிக்கொண்டிருந்தன.
மௌமி ஆற்றுப் பாலத்தில் என் கார் ஒன்றுதான்.
கிடங்கின் வாகன நிறுத்தத்தில் இருபது வண்டிகள்.
ஒருத்தி கார்க் கதவைத் திறந்து
பல் தேய்த்துப் பனியில் துப்பினாள்.
ஒரு பெரியவர் முழங்காலுக்குப் பட்டை சுற்றினார்,
அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.
கதவு திறந்தபோது
மஞ்சள் வெளிச்சமும் பெல்ட் ஓடும் சத்தமும்
புகைபிடிக்க வந்த இரண்டு பேரைப் போல
வெளியே வந்து நின்றன.
நான் இறங்கவில்லை.
ஹீட்டரை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம்கூட வாசலில் நாய்த்தீனி கிடந்தது.
நாற்பது பவுண்டு.
வெயில் வந்து விழுந்ததுபோல
எடுத்து உள்ளே வைத்தேன்.
யாரோ ஒருவரின் நாலு மணி
அந்தப் பையில் இருந்திருக்கிறது.

எல்லாம் சரி, காலையில் உன்னை யார் எழுப்புவது என்றேன்.
எம்மெட் சீரியல் கிண்ணத்திலிருந்து தலைதூக்கவில்லை.
"நான் ஆறு மணிக்கே முழிச்சிடுவேன்மா.
நீ கத்துற வரைக்கும் சும்மா படுத்திருப்பேன்."
எத்தனை நாளாக?
"ஏழாங்கிளாஸ்லேருந்து."
மூன்று வருடமாக
தூங்காத ஒரு பையனை எழுப்பியிருக்கிறேன்,
தினமும் இரண்டு தரம்,
இரண்டாவது தரம் முழுப்பெயர் சொல்லி.
அது ஏன் எனக்குக் கோபமாக வரவில்லை என்று தெரியவில்லை.
அவன் ஏன் சொல்லாமலிருந்தான் என்பதும்.

இப்போது மணி இரண்டு ஐம்பது.
அலாரம் அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே எழுந்துவிட்டேன்.
அதை வேலைக்குத் தகுதி என்று எடுத்துக்கொள்வதா
தூக்கம் கெட்டது என்று எடுத்துக்கொள்வதா.
சமையலறை மேசையில் மடிக்கணினி,
திரையில் அதே இரண்டு கட்டங்கள்.
சத்தம் கேட்டு ஹாங்க் வந்தான்.
என் கைகளைப் பார்த்தான்.
நாலடி பின்வாங்கி
மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டான்.