கிளமெண்டுக்கு, இரவு ஷிப்டுக்குப் போகுமுன்

மில்லில் மூன்று மாதம் எனக்கு இரவு ஷிப்டு.
எடைப்பாலத்துக் கணக்கை முடித்து
ஞாயிறு காலை நான் பகாவ் வந்து சேர்வதற்குள்
நீங்கள் ஆசீர்வாதம் கூறி, கோப்பி ஊற்றியிருப்பீர்கள்.
ஆகவே இது.

மைக் பெட்டிச் சாவி பிஸ்கட் டின்னில்.
தபேலா அலமாரிக்குப் பூட்டில்லை,
கதவைச் சற்றுத் தூக்கித் திற.

உனக்கு உயர்ந்த சுருதி பிடிக்கும், தெரியும்.
ஆனால் முன்வரிசைப் பெண்களைப் பார்.
சனிக்கிழமை மதியம் வரை
செம்பனை உதிரிப்பழம் பொறுக்கிய இடுப்பு.
நாலு கட்டையில் எடுத்தால் உதடு மட்டும் அசையும்.
இரண்டுக்கு இறக்கு.
உன் தொண்டைக்கு அது பள்ளம்தான்.
பள்ளத்தில்தான் தண்ணீர் நிற்கும்.

மழை பிடித்தால்
(தகரக் கூரை, சொல்ல வேண்டியதில்லை)
சத்தத்தைக் கூட்டாதே. கீபோர்டை நிறுத்து.
போன மார்ச்சில் அப்படியொரு மழையில்
யார் பாடுகிறார், யார் பாடவில்லை என்று
யாருக்கும் கேட்கவில்லை.
அன்றைக்குத்தான் சிம்சோன் வாய் திறந்தான்,
பெண்டாட்டியை அடக்கம் செய்த பிறகு முதல் முறை.
எனக்கு எப்படித் தெரியும்?
முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நீயும் பார்.
கண்ணை மூடிப் பாடுவதை வீட்டில் வைத்துக்கொள்.

ஆபிரகாம் மாமா அரை அடி பிந்தித்தான் வருவார்.
காத்திருக்காதே, முறைக்காதே.
அவர் இழுக்கும் வாலில்
மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொள்வார்கள்.

சிரம்பான் சபையில் டிரம் செட் இருக்கிறது என்பார் செயலாளர்.
ஆமென் சொல்லிவிட்டு நகர்ந்து விடு.

கடைசி பெஞ்சில் இரண்டு பத்தாக் பையன்கள் வருகிறார்கள்,
தோட்டத்துக்குப் புதுசு. தமிழ் தெரியாது.
அல்லேலூயா வரும் இடத்தில் மட்டும் நிமிர்வார்கள்.
அந்த இடத்தை இரண்டு தடவை பாடு.

நீயும் பாட்டு எழுதுகிறாயாமே, பொன்மலர் சொன்னாள்.
என் முதல் பாட்டில்
லீபனோன் கேதுரு இருந்தது,
சாரோனின் ரோஜா இருந்தது,
இந்த ஊரில் எவரும் மிதிக்காத உறைபனியும் இருந்தது.
மரியாதைக்கு ஒரு முறை பாடினார்கள்.

இரண்டாவதை அவளுடைய ஜெபத்திலிருந்து திருடினேன்.
"குலை விழுந்த எடத்துல அவரு நிக்கலையே, ஆண்டவரே."
மெட்டு அதிலேயே இருந்தது.
நான் செய்தது எழுதிக்கொண்டது மட்டும்.

அதிலும் கை வைத்தேன், கேள்.
மூன்றாவது அடியில் "நிலைபெறச் செய்தீர்" என்று போட்டேன்.
ஒரு ஞாயிறு கரண்டு போனது,
எனக்குத் தொண்டையும் கட்டியிருந்தது.
அவர்களே பாடினார்கள்.
"நிக்க வச்சீரே" என்று பாடினார்கள்,
மெட்டும் அங்கே ஒரு படி இறங்கியது.
எத்தனை மாதமாக அப்படியோ,
மைக்கில் என் குரலே மேலே கிடந்ததால்
எனக்குக் கேட்டதே இல்லை.

கோபம் வந்தது. மறைக்கமாட்டேன்.
மறுநாள் பழ லோரிகள் வரிசையில் நிற்க,
எடைச்சீட்டின் முதுகில்
இரண்டு அடியையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தேன்.
அவர்களுடையதுதான் பாட்டு.
நோட்டில் என்னுடையதை அடித்திருக்கிறேன்.
பேனா காகிதத்தைக் கிழித்த இடம் இருக்கும்,
அதைக் கண்டுகொள்ளாதே.

கடைசியாக,
பாட்டு முடிந்த உடனே பேசாதே.
மின்விசிறியின் கடகடப்பு கேட்கும்.
வெளியே யாரோ மோட்டாரை உதைப்பார்கள்.
கேட்கட்டும்.
நாம் இருக்கும் இடத்துக்குத்தானே
அவரைக் கூப்பிட்டோம்?

குலைப் பாட்டுக்கு நாலாவது சரணம் வரவில்லை.
பக்கம் காலியாகக் கிடக்கிறது.
திரும்பி வந்து நானே எழுதலாம் என்றிருந்தேன்.
பென்சிலை நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.