எண்பத்தேழு கிராம்

ஷிப்ட் முடிந்து எத்தனை முறை கழுவினாலும்
விரல்களில் சில்லறையின் வாடை.
சோறு பிசைந்தால்
ஐந்து ரூபாய் நாணயத்தையும் சேர்த்துப் பிசைவதுபோல.
நானே செய்யப்போகிறேன் என்றேன்.
"என்னத்தை?" என்றார் ஆரோக்கியதாஸ்.
"சோப்பை."
அவர் ஆட்டோக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சிக்பேட்டையில் காஸ்டிக் சோடா அரைக்கிலோ.
கழிவறை அடைப்பா என்று கன்னடத்தில் கேட்டார் கடைக்காரர்.
ஆமாம் என்றேன்,
அதுதான் சுருக்கமான பதில்.

தண்ணீரில் சோடாவைப் போடு,
சோடாவில் தண்ணீரை ஊற்றாதே.
எனக்கா தெரியாது?
பதினோரு வருடமாகப் படியில் நின்று நான் கத்துவதும் இதுதான்:
இறங்குறவங்கள விடுங்க, அப்புறம் ஏறுங்க.
விதியைக் காப்பாற்றினேன்.
பாத்திரத்தைத்தான் யோசிக்கவில்லை.
அலுமினியக் குண்டான்
சீறியது, கறுத்தது, பொங்கி வழிந்தது.
ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு
மாடிப்படியில் நின்று இருமினேன்.
"என்ன குழம்பு?" என்றாள் கீழ்வீட்டு நஸ்ரீன்.

அடுத்த முறை எவர்சில்வர்.
பாமாயில் நானூறு, தேங்காய் எண்ணெய் இருநூறு,
சோடா எண்பத்தேழு.
எண்பதைத் தாண்டும்போது தராசு அணைந்தது.
தட்டினேன்.
பூஜ்யம் என்றது.
நம்பினேன்.
வந்தது சோப்பல்ல, சாக்பீஸ்.
நாக்கின் நுனியால் தொட்டுப் பார்த்தேன்:
டார்ச் பேட்டரியை நக்கியதுபோல் சுள்ளென்றது.
மூன்று நாள் காபிக்கு ருசி இல்லை.

டிசம்பரில் இன்னொன்று.
மத்தால் கடைந்து கடைந்து தோள் கழன்றது.
கெட்டியாயிற்று! என்று கூவினேன்.
குளிருக்கு எண்ணெய் உறைந்ததைத்தான்
சோப்பு என்று கூவியிருக்கிறேன்.
மறுநாள் நடுப்பகலில்
டிபன் பாக்ஸில் மேலே எண்ணெய், கீழே சோடாத் தண்ணீர்,
ஒரே சீட்டில் முகம் திருப்பி உட்கார்ந்த
புருஷன் பெண்டாட்டி மாதிரி.

பொங்கலுக்கு மறுநாள் விடுமுறை.
தராசுக்குப் புது பேட்டரி.
எண்ணெயை இளஞ்சூடாக்கி, அவசரப்படாமல்.
ஒரு நேரத்தில்
கரண்டியிலிருந்து விழுந்த கோடு மூழ்காமல் நின்றது.
சோதிக்க என் பெயரின் முதல் எழுத்தை எழுதினேன்.
அதுவும் நின்றது.
கையுறையோடு கொஞ்ச நேரம்
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நூலால் அறுத்து, பீரோ மேல் செய்தித்தாளில் அடுக்கி,
ஆறு வாரம்.
கலெக்‌ஷன் எண்ணுவதுபோல் ராத்திரி ராத்திரி எண்ணினேன்.
பதினொன்று. பதினொன்று. பதினொன்று.
யார் எடுக்கப் போகிறார்கள்!
நாக்கில் வைத்தேன்,
சுள்ளென்று ஒன்றுமில்லை.
இவ்வளவு சந்தோஷமாக யாரும் சோப்பை நக்கியிருக்க மாட்டார்கள்.

குளித்தால் நுரையில்லை.
வாளியில் திரித்த பால்,
தோளில் பிசுபிசுப்பு.
வேபில்லின் பின்பக்கம் மறுபடி கணக்குப் போட்டேன்.
எண்பத்தேழு சரிதான்.
பாமாயிலைத் திட்டினேன். தராசைத் திட்டினேன்.
வாரம் இரண்டு தடவை ராமமூர்த்தி நகருக்கு வந்து
தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும்
டேங்கரை மட்டும் திட்டத் தோன்றவில்லை.

ஏப்ரலில் ஒரு சாயங்காலம்
கடைசி நிறுத்தத்தில் மழை பிடித்துக்கொண்டது.
கிரிஜாவிடம் காட்டிச் சிரிக்க வைத்திருந்த துண்டு
பையில் கிடந்தது.
பஸ் கூரையிலிருந்து வழிந்த தண்ணீரில்
சும்மாதான் கையைத் தேய்த்தேன்.

நுரை.
மணிக்கட்டு வரை, காக்கிச் சட்டைக் கை வரை,
தேய்க்கத் தேய்க்க.
டிரைவர் பசவராஜு ஹாரன் அடிக்கிறார்,
நான் முழங்கைக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.
அப்போ தண்ணீர்தானா!
என்று யாரிடமோ சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

முகர்ந்து பார்த்தேன்.
சில்லறை வாடை போனதா என்றால்
தெரியவில்லை, மழை வாடைதான் அடித்தது.
முதலில் ஏறியவர்
ஈரம் காயாத உள்ளங்கையில் ஐந்து ரூபாய் வைத்தார்.
வழுக்கி
எந்த சீட்டுக்கடியிலோ உருண்டு போனது.