நாய் பெருத்த கதை

கஸ்தூரிபா நகர் ரயில் நிலையத்தில்
எண்பத்தொரு படி.
எண்ண நேரமிருப்பவளுக்குத்தான் தெரியும்.

வகுப்புக் குழுவிலிருந்து
யாரும் என்னை நீக்கவில்லை,
நியாயமாகச் சொல்ல வேண்டும்.
பக்கத்திலேயே இன்னொன்று தொடங்கினார்கள், அவ்வளவுதான்.
பழையதில் இப்போது
கெமிஸ்ட்ரி மிஸ் அனுப்பும் பிடிஎஃப்பும் நானும்.

மதியம் பெஞ்சுகள் வட்டமாகும்.
வட்டத்துக்கு மூலை கிடையாது என்று
எட்டாம் வகுப்பிலேயே படித்தாயிற்று.
டயட் என்று சொல்லிவிட்டு லைப்ரரிக்குப் போவேன்.
அங்கிருக்கும் அக்கா ஒன்றும் கேட்கமாட்டார்.
மின்விசிறியை மட்டும் என் பக்கம் திருப்பிவிடுவார்.

டப்பாவை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.
தரமணியில் இரவு ஷிப்ட் முடித்து வந்து
கண் எரிய எரிய அம்மா வதக்கிய வெண்டைக்காய்.
அதனால் நாலரை மணிக்கு
இரண்டாம் நடைமேடைத் தூணடியில்
ஒரு பழுப்பு நாய்க்கு.
எலுமிச்சை சாதம் அதற்கு ஆகாது.
தயிர்சாதத்தில் மாதுளை முத்துகளை
ஒவ்வொன்றாக ஒதுக்கிவைக்கும்.

"சாப்ட்டியா?"
"சாப்ட்டேன்."
"யார்கூட?"
"பெர்சிஸ்கூட. உன் வெண்டைக்காய் சூப்பராம்."
பெர்சிஸ்தான் அந்த இன்னொரு குழுவைத் தொடங்கியவள்.

ஐப்பசியில், மழைக்காகப் பள்ளியைச் சீக்கிரம் விட்ட ஒரு நாள்,
தூணடியில் வேறு பள்ளிச் சீருடை.
ஒரு பையன் குந்தி உட்கார்ந்து
டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தான்.
சப்பாத்தி, குருமா.
என்னைக் கண்டதும்
திருடியவன் மாதிரி மூடினான்.

அப்போதுதான் நாயைச் சரியாகப் பார்த்தேன்.
அதன் வயிறு
தரையைத் தொட இரண்டு விரற்கடைதான் பாக்கி.
ஒரு டப்பாவுக்கு,
ஏன், இரண்டு டப்பாவுக்குக்கூட
இப்படிப் பெருக்காது ஒரு நாய்.

மூன்றாவது யார்?
நான்காவது?
எந்த வண்டியில் வந்து போகிறார்கள்?

வேளச்சேரி வண்டி வந்தது. நாங்கள் ஏறவில்லை.
அடுத்ததிலும்.

"பேரு என்ன?" என்றான்.
என் பேரைச் சொல்ல வாயெடுத்தேன்.
"நாயோட பேரு."
நான் வைத்ததில்லை.
அவன் பாஸ்கல் என்று கூப்பிடுகிறானாம்.
"ப்ரஷருக்கு யூனிட்."

எனக்குச் சிரிப்பு வந்தது, மூக்கு வழியாக,
ரொம்ப நாள் நிறுத்திவைத்த ஸ்கூட்டி மாதிரி
இழுத்து இழுத்து.

என் டப்பாவைத் திறந்தேன்.
பாஸ்கல் முகர்ந்தது.
இன்றைக்கு இவ்வளவுதான் என்பதுபோல்
சுருண்டு படுத்துவிட்டது.

வெண்டைக்காய் மிச்சம். சோறும் மிச்சம்.
அவனிடம் ஒரு ஸ்பூன் இருந்தது.